ஆணியில் மாட்டிய குவளை

தாம்பரத்தில் எங்கேயாவது தீப்பிடித்தால் முதலில் மணியடித்துக்கொண்டு சிவப்பு வண்டி போகும். கொஞ்ச நேரம் கழித்து, இருமிக்கொண்டே ஒரு பச்சை வண்டி போகும். சிவப்பு வண்டியைப் பார்க்க ஜனங்கள் வாசலுக்கு ஓடி வருவார்கள். பச்சை வண்டியைப் பார்த்தால் சிரிப்பார்கள். அதில் ஏணி கிடையாது, தண்ணீர்த் தொட்டி கிடையாது, குழாய் கிடையாது. ஒரு பெரிய மண்ணெண்ணெய் ஸ்டவ், ஒரு தேக்சா, டீத்தூள் டின், சர்க்கரை டின், பால்பவுடர் மூட்டை, இவற்றுக்கு நடுவில் ஒரு முக்காலியைக் கெட்டியாகப் பிடித்தபடி மெட்டில்டா டீச்சர்.

அறுபத்தைந்தில் பாகிஸ்தானோடு சண்டை வந்தபோது, விமானப் படை நிலையம் இங்கே இருப்பதால் எதிரி முதல் குண்டைத் தங்கள் தலையில்தான் போடுவான் என்று தாம்பரத்தில் பாதிப் பேர் நம்பினார்கள். அந்த நம்பிக்கையில் கொஞ்சம் பெருமையும் கலந்திருந்தது. தீயணைப்புப் படைக்குத் துணையாகத் தொண்டர்கள் வேண்டும் என்று சர்க்கார் கேட்டதும் குமாஸ்தாக்கள், வாத்தியார்கள், ரயில்வேக்காரர்கள் எல்லாரும் போய்ப் பெயர் கொடுத்தார்கள். மிஷன் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த மெட்டில்டாவும் கொடுத்தாள். குண்டு விழவில்லை. சண்டை முடிந்ததும் பாதிப் பேர் காக்கிச் சட்டையை மடித்து வைத்துவிட்டார்கள். மீதிப் பேர் விடவில்லை. ஊரில் கீற்றுக் கொட்டகைகளுக்குக் குறைச்சலா என்ன, கோடை வந்தால் வாரத்துக்கு ஒன்று எரிந்தது.

மெட்டில்டாவுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. ஆகாததற்கு ஊர் நாலு காரணம் சொல்லும். அவளைக் கேட்டால் ஐந்தாவதாக ஒன்றைச் சொல்லிவிட்டுச் சிரிப்பாள். பெண்பிள்ளையை ஏணியில் ஏற்ற முடியாது என்று ஸ்டேஷன் ஆபீசர் சுப்ரமணியன் அவளை டீ வண்டியில் போட்டார். பட்டாளத்துக்காரர்கள் வேண்டாம் என்று தள்ளிய பழைய ஆம்புலன்ஸ் அது. சர்க்கார் ஒரு வண்டியைக் கொடுத்தால் அது ஓடும் என்று அர்த்தமில்லை. டிரைவர் ஜெயவேலு தினமும் அதோடு மல்லுக்கட்டினான்.

"இன்னா டீச்சர், நெருப்பு அணைஞ்சு சாம்பலாப் பூடும், அப்பத்தான் இது இஸ்டார்ட் ஆவும்" என்பான். ஆனால் எப்படியோ கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவான்.

டீதானே என்று நினைப்பவர்கள் புகைக்குள்ளிருந்து வரும் ஒரு மனிதனைப் பார்த்ததில்லை. கண் சிவந்து, தொண்டை அடைத்து, தன் பெயரைக் கேட்டால்கூடச் சொல்லத் தெரியாமல் வருவான். இஞ்சி தட்டிப் போட்ட சூடான டீ இரண்டு மடக்கு உள்ளே போனபிறகுதான் மனுஷனாவான். மெட்டில்டாவுக்கு இது முதல் தீயிலேயே புரிந்துவிட்டது. அவள் புரிந்துகொள்ளாத இன்னொன்று இருந்தது. டீயை எதில் கொடுப்பது?

மின்சார ரயிலில் ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு போகிறவர்கள்தான். ஒரே ஹோஸைப் பிடித்துக்கொண்டு நெருப்புக்கு முன்னால் நிற்கிறவர்கள்தான். ஆனால் ஒருத்தர் வாய் வைத்த டம்ளரில் இன்னொருத்தர் குடிக்க மாட்டார். ஸ்ரீநிவாசராகவன் என்று ஒரு தொண்டர், தபால் இலாகாக்காரர், தங்கமான மனிதர். அவர் டீயே வேண்டாம் என்று வறண்ட தொண்டையோடு நிற்பார். அவர் ஏன் நிற்கிறார் என்று மற்றவர்களுக்குத் தெரியும், அதனால் அவர்களுக்கும் டீ கசக்கும். மெட்டில்டா யாரையும் திருத்தப் போகவில்லை. மூன்றாம் வகுப்பு எடுக்கிறவளுக்கு அந்த வேலையின் கஷ்டம் தெரியும். காது வைத்த எனாமல் குவளைகளை வாங்கி, பள்ளிக்கூடத்துக் கதவுக்கு அடித்த பெயிண்டில் மிச்சமிருந்ததைக் கொண்டு ஒவ்வொன்றிலும் ஒருவர் பெயரை எழுதினாள். அவரவர் குவளை அவரவருக்கு. வண்டியின் உள்பக்கம் ஒரு பலகையை அறைந்து ஆணி வரிசை அடித்துக் கொடுத்தான் ஜெயவேலு.

அதிலிருந்து ஒரு வழக்கம் தானாக உண்டாயிற்று. தீப்பிடித்த இடத்துக்குப் போனதும் அன்று உள்ளே போயிருப்பவர்களின் குவளைகளை மட்டும் மெட்டில்டா பெட்டியிலிருந்து எடுத்துப் பலகையில் மாட்டுவாள். வெளியே வருகிறவன் தன் குவளையைத் தன் கையாலேயே எடுத்து நீட்டுவான். குடித்து முடித்ததும் கீழேயிருக்கும் வாளியில் போடுவான். பலகையில் ஒரு குவளை தொங்கினால் ஒரு ஆள் இன்னும் உள்ளே இருக்கிறான். பலகை காலியானால் எல்லாரும் வெளியே வந்தாயிற்று. சட்டப்படி ஆபீசர் பெயர் கூப்பிட்டு ஆள் பார்க்க வேண்டும். சுப்ரமணியனும் முதலில் கூப்பிட்டுத்தான் பார்த்தார். போகப் போக, வண்டிப் பக்கம் தலையைத் திருப்பிப் பலகையை ஒரு பார்வை பார்ப்பதோடு சரி. மெட்டில்டாவின் பலகை ஒரு நாளும் பொய் சொன்னதில்லை. அதில் அவளுக்கு இருந்த பெருமையை மறைக்க அவளுக்குத் தெரியாது.

பலகையில் கடைசியாகத் தொங்குவது எப்போதும் தேவானந்தத்தின் குவளைதான். பாரிமுனையில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. சேலையூரில் அம்மாவோடு இருந்தான். அம்மா ஞானஜோதி ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். கணவன் போனபிறகு இந்த ஒரே பிள்ளையை வைத்துக்கொண்டு காலம் தள்ளியவள். மெட்டில்டா போகிற அதே சர்ச்சுக்கு அவர்களும் வருவார்கள். தேவானந்தம் பாடகர் குழுவில் சுருதி சேராமல் சந்தோஷமாகப் பாடுவான். தீ அணைந்ததும் எல்லாரும் வெளியே ஓடி வரும்போது இவன் மட்டும் இன்னொரு சுற்று உள்ளே போய்வருவான். கோழி, பூனை, ஆட்டுக்குட்டி ஏதாவது மூலையில் ஒடுங்கியிருக்கும் என்பான். ஒரு தடவை கீற்றுச் சாம்பலுக்குள்ளிருந்து ஒரு கிளிக்கூண்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். கிளி உயிரோடிருந்தது. எல்லாரையும் கெட்ட வார்த்தையில் திட்டியது. மெட்டில்டா அன்று சிரித்துச் சிரித்து டீயைக் கொட்டிவிட்டாள்.

தீப்பிடித்த இடத்தில் தொண்டர்கள் மட்டுமா இருப்பார்கள். வீடு எரிந்தவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கென்று கொஞ்சம் பித்தளை டம்ளர்கள் தனியாக உண்டு. அவை போதாமல் போன ஒரு நாள், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற ஒரு பெண்ணுக்கு எதில் கொடுப்பது என்று மெட்டில்டா திண்டாடினாள். அப்போது அங்கே குடித்துக்கொண்டிருந்த தேவானந்தம் தன் குவளையைக் கழுவி அவளிடம் நீட்டினான்.

"யாருக்கு வேணும்னாலும் என்னோடதுல குடுங்க அக்கா. என்னைக் கேக்கவே வேணாம்."

எழுபத்தொன்றாம் வருஷம், சித்திரை வெயிலில், ஒரு சனிக்கிழமை மத்தியானம் இரும்புலியூரில் ஒரு கோணிச்சாக்குக் கிடங்கு பிடித்துக்கொண்டது. சாக்கு, கீற்றைப் போலக் குபீரென்று எரிந்து முடியாது. உள்ளுக்குள்ளே கனன்று புகையும். ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்கள் பகலிலேயே விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தன. கிடங்கை ஒட்டியிருந்த குடிசைக்காரர்கள் சட்டிபானைகளோடு ரோட்டோரம் உட்கார்ந்திருந்தார்கள். பித்தளை டம்ளர்கள் எல்லாம் அவர்கள் கையில் போய்விட்டன.

சாயங்காலம் ஆவதற்குள் நெருப்பு அடங்கியது. தொண்டர்களும் ஃபயர்மேன்களும் ஒவ்வொருவராக வந்து குவளையை எடுத்தார்கள். ஸ்ரீநிவாசராகவன் வந்தார், குடித்தார், வாளியில் போட்டார். பலகையில் வழக்கம்போல ஒரே ஒரு குவளை மிச்சம். வழக்கம்போல அது தேவானந்தத்துடையது. இன்னொரு சுற்றுப் போயிருக்கிறான் என்று மெட்டில்டா நினைத்தாள். அது சரியாகவும் இருந்தது.

அப்போதுதான் கிடங்குக் காவல்காரக் கிழவரை இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து வண்டிப் படியில் உட்கார வைத்தார்கள். கிழவருக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. வாய் நிறைய வெற்றிலை. அதைத் துப்பக்கூடத் தெம்பில்லை. மெட்டில்டா டம்ளர் தேடினாள். இல்லை. வாளியில் குவளைகள் கிடந்தன, ஒன்றைக் கழுவி எடுத்துவிடலாம். ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் இருந்தது. ஸ்ரீநிவாசராகவன் மூன்றடி தள்ளி நின்று முகம் துடைத்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் குவளையை வெற்றிலை வாய்க்குக் கொடுத்தால் அவர் சொல்லமாட்டார், ஆனால் அடுத்த தீயில் டீ வேண்டாம் என்பார். கேட்கவே வேண்டாம் என்று சொன்னவன் ஒருவன்தான். அவள் கை தானாகப் போய் ஆணியிலிருந்து அந்தக் குவளையை எடுத்தது. கிழவருக்கு ஊதி ஊதிக் குடிக்கக் கொடுத்தாள். கழுவி உடனே மாட்டிவிட வேண்டும் என்று மனசில் நினைத்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து ஸ்டவ் அணைந்தது. காற்றடிக்கக் குனிந்தாள். கிழவர் குடித்து முடித்து, மற்ற குவளைகள் கிடந்த இடத்தைப் பார்த்து, தானும் மரியாதையாகக் குவளையை வாளிக்குள் போட்டுவிட்டு எழுந்து போனார்.

சுப்ரமணியன் தலையைத் திருப்பிப் பலகையைப் பார்த்தார். பலகை காலி. கிடங்கின் சுவர் ஒன்று உப்பிக்கொண்டு எந்த நேரமும் ரோட்டுப் பக்கம் சாயலாம் என்று நின்றது. அதை உள்பக்கமாக இழுத்துத் தள்ளிவிடும்படி உத்தரவு கொடுத்தார். கயிறு கட்டி இழுத்தார்கள். சுவர் விழுந்தது. ரோட்டில் ஜனங்கள் கைதட்டினார்கள்.

ஸ்டவ் பிடித்தபிறகு மெட்டில்டா வாளியை இழுத்துவைத்துக் குவளைகளைக் கழுவத் தொடங்கினாள். மூன்றாவதாக எடுத்த குவளையின் விளிம்பில் சிவப்பாக வெற்றிலைக் கறை. கட்டை விரலால் தேய்த்துக்கொண்டே திருப்பினாள். தேவானந்தம் என்று அவள் கையெழுத்து. தேவானந்தம் வெற்றிலை போடமாட்டான். அவள் தலையைத் தூக்கிக் காலிப் பலகையைப் பார்த்தாள். பிறகு புழுதி எழும்பிக்கொண்டிருந்த கிடங்கைப் பார்த்தாள்.

ஈரக் கையோடு குவளையைப் பிடித்தபடி ஓடினாள். சுப்ரமணியன் முன்னால் போய் நின்று, "இது அவன் குடிச்சதில்ல சார்" என்று மட்டும் சொன்னாள். அவருக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் கிடங்கை நோக்கி ஓடினார். எல்லாரும் கையாலேயே செங்கல்லை அள்ளினார்கள். ஸ்ரீநிவாசராகவன் நகம் பிய்ந்து இரத்தம் ஒழுக அள்ளினார். சாக்கு அடுக்குக்குப் பின்னால் அவனைக் கண்டெடுத்தார்கள். மேலே அதிகம் காயமில்லை. புகைதான் என்றார் டாக்டர். உயிர் போனது சுவர் விழுவதற்கு முன்பா பின்பா என்று டாக்டரை யாரும் கேட்கவில்லை. மெட்டில்டா அதைத் தன்னைத்தானே கேட்டுக்கொண்டாள். வாழ்நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டாள்.

விசாரணை நடந்தது. பழியை ஆளுக்கு ஆள் அடுத்தவர் மேல் தள்ளுவதைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். இங்கே ஆளுக்கு ஆள் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். குவளையை எடுத்தது நான் என்றாள் மெட்டில்டா. பெயர் கூப்பிட வேண்டியது என் கடமை, டீக்குவளையை நம்பியது என் தப்பு என்றார் சுப்ரமணியன். அவரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். தொண்டரான டீச்சரை என்ன செய்ய முடியும், ஒன்றும் செய்யவில்லை. தண்டித்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

ஸ்ரீநிவாசராகவன் ஒரு நாள் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார்.

"என்னோடதை எடுத்திருக்கலாமே டீச்சர்" என்றார். "நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேனே."

சொல்லியிருக்க மாட்டார் என்பது அவளுக்கும் தெரியும். அவரும் அதற்குமேல் நிற்கவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

அடக்கம் முடிந்து சில வாரங்கள் கழித்து, குவளையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அவள் சேலையூருக்குப் போனாள். பிள்ளையின் பொருள் தாயிடம் இருக்கட்டும் என்று நினைத்தாள். திட்டட்டும், அடிக்கட்டும் என்றும் நினைத்தாள். ஞானஜோதி அம்மாள் துணியைப் பிரித்துப் பார்த்தாள். எழுத்தின் மேல் விரலால் தடவினாள். மகன் அந்தப் பலகையின் கதையையெல்லாம் வீட்டில் சொல்லியிருந்தான் போலிருக்கிறது. குவளையைத் திரும்ப மெட்டில்டா கையில் வைத்தாள்.

"அவனவன் குவளையை அவனவன் கையாலதானே எடுக்கணும்? அதுதானே உங்க வழக்கம்?"

"ஆமாம்மா."

"அப்ப கொண்டுபோய் மாட்டு. அவன் எடுக்கட்டும்."

அது கோபமா, கிறுக்கா, ஜெபமா என்று மெட்டில்டாவுக்குத் தெரியவில்லை. ஆனால் கொண்டுபோய் மாட்டினாள். அதன்பிறகு டீ வண்டி எந்தத் தீக்குப் போனாலும் அந்தக் குவளையும் பலகையில் தொங்கியது. எல்லாரும் குடித்து முடித்தபிறகும் தொங்கியது. பலகை காலியாகவே இல்லை. புதிதாக வந்த ஆபீசர் இதென்ன அபசகுனம், கழற்றுங்கள் என்றார். ஜெயவேலு மட்டும் வாயைத் திறந்தான்.

"அது அங்கியே கீட்டும் சார். அது தொங்கற வரிக்கும் நீங்க பேர் கூப்டுத்தான் ஆவணும்."

ஆபீசருக்குக் கோபம் வந்தது, ஆனாலும் பெயர் கூப்பிட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு தீயிலும் கூப்பிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஞானஜோதி அம்மாள் சர்ச்சு வாசலில் நிற்பாள். மெட்டில்டா வந்ததும் கேட்பாள்.

"மாட்டியிருக்கா?"

"மாட்டியிருக்கும்மா."

அவ்வளவுதான். வேறு பேச்சில்லை. மழையானாலும் காய்ச்சலானாலும் மெட்டில்டா ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை. அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்வதற்காகவே வாரம் முழுக்க உயிரோடிருந்த காலமும் உண்டு. அம்மாள் ஒரு தடவையாவது நல்லாயிருக்கியா என்று கேட்க மாட்டாளா என்று ஏங்கினாள். கேட்கவில்லை. மெட்டில்டாவும் தன் வீட்டில் டீ போடுவதை விட்டுவிட்டாள். வண்டியில் மற்றவர்களுக்குப் போடுவாள், தான் ஒரு சொட்டுக்கூடக் குடிப்பதில்லை.

எழுபத்தேழில் பச்சை வண்டியை இனி ஓடாது என்று எழுதிவிட்டார்கள். தொண்டர்களும் வயதாகி, மாற்றலாகிக் கலைந்து போயிருந்தார்கள். ஜெயவேலு ஆணிப் பலகையைப் பெயர்த்துக் கொண்டுவந்து மெட்டில்டாவின் சமையலறைச் சுவரில் அறைந்து கொடுத்தான். அந்தக் குவளை மட்டும் அதில் தொங்கியது. அந்த ஞாயிறும் அம்மாள் கேட்டாள், அந்த ஞாயிறும் இவள் மாட்டியிருக்கிறது என்றாள்.

மறுவருஷம் ஆடியில் அம்மாள் படுத்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆள் அனுப்பினார்கள். மெட்டில்டா போனபோது அம்மாள் கண்ணை மூடியிருந்தாள். எலும்பும் தோலுமாகக் கிடந்தாள். கட்டிலோரம் உட்கார்ந்ததும் இவளே முந்திக்கொண்டு, மாட்டியிருக்கும்மா என்றாள். அம்மாள் கண்ணைத் திறந்து அவளை வெகுநேரம் பார்த்தாள். பிறகு அவள் கையைப் பிடித்தாள். இத்தனை வருஷத்தில் தொட்டது அதுதான் முதல் தடவை.

"நானே அவன்கிட்ட போறேன். இனிமே அது தொங்க வேணாம். எறக்கிடு."

"அவன் கையால எடுக்கணும்னு சொன்னீங்களேம்மா."

"அவன்தான் யாருக்கு வேணும்னாலும் குடுக்கச் சொல்லியிருந்தானே" என்றாள் அம்மாள். "எங்கிட்டேயும் சொன்னான். உன்மேல தப்பில்லைன்னு எனக்கு அப்பவே தெரியும் மெட்டில்டா. தெரிஞ்சுதான் உன்னைக் கேட்டுக்கிட்டு இருந்தேன்."

அம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். மறுநாள் போய்விட்டாள்.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பியவர்களுக்கு அம்மாள் வீட்டு முற்றத்தில் மெட்டில்டாதான் டீ போட்டாள். இஞ்சியைத் தட்டிப் போட்டாள். காலையில் ஆணியிலிருந்து இறக்கிய குவளை அவள் பையில் இருந்தது. அதை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. வந்தவர்கள் வாடகைக்கு எடுத்த டம்ளர்களில் குடித்துவிட்டுக் கும்பல் கும்பலாக நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். கேட்டுக்கு வெளியே, மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, குழி வெட்டியவர் தனியாக நின்றுகொண்டிருந்தார். கை முழுக்கச் செம்மண். அவரை உள்ளே கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை. டம்ளர் கொடுக்கவும் தோன்றவில்லை.

மெட்டில்டா பையைத் திறந்தாள். குவளையைக் கழுவி, தேக்சாவின் அடியில் இருந்த கெட்டி டீயாகப் பார்த்து ஊற்றி எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போனாள். குழிவெட்டி வாயிலிருந்த வெற்றிலையை ஓரமாகத் துப்பிவிட்டு, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பெயர் எழுதின நல்ல குவளையைக் கண்டதும் தயங்கினார்.

"இது யாரோடதும்மா? கோவிச்சுக்கப் போறாங்க."

"கோவிச்சுக்க மாட்டான். குடிங்க."

அவர் நின்றபடியே ஊதி ஊதிக் குடித்துவிட்டுக் குவளையைத் திருப்பிக் கொடுத்தார். விளிம்பில் சிவப்பாகக் கறை இருந்தது. மெட்டில்டா அதை மார்போடு அணைத்துக்கொண்டு, வந்திருந்த அத்தனை பேருக்கும் முன்னால், வாய்விட்டு அழுதாள். ஏழு வருஷமாக அவள் அழவில்லை. பிறகு உள்ளே போய் அடுப்பில் மிச்சமிருந்த டீயை அதே குவளையில் ஊற்றி, கறையைக் கழுவாமலே குடித்தாள்.